தலைவர் சட்டையில் ஒரு மைக்

செவித்துணை வாரியத்தில் யாரை உள்ளே கூப்பிடுவதானாலும் வாயால்தான் கூப்பிடுவார்கள். நீளமான நடைகூடம், இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறையக் காது கேட்காத ஜனம். கடைசிக் கதவைத் திறந்து பியூன் தலையை மட்டும் நீட்டுவார். பெண்டாட்டியிடம் ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். எழுந்து போகாதவர் அன்றைக்கு வரவே இல்லை என்று ஆகிவிடும். எழுந்து போனவருக்கு அதைவிட மோசம். "கூப்பிட்டது கேட்டுச்சில்ல? அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் காதில் விழுந்திருக்காது.

அந்தப் பெஞ்சில் அச்சுக்காரரும் ஒருவர். அச்சகத்தில் தடதடவென்று ஓடுகிற பெரிய மெஷின் பக்கத்தில் மீசை முளைக்காத வயதிலிருந்து நின்று நின்று, இரண்டு காதும் போய்விட்டன. மனைவி நேரே நின்று வாயசைத்தால் பாதி புரியும். மற்றவர்கள் பேசினால் தலையை ஆட்டிவைப்பார். அதிலேயே பாதி வாழ்க்கை ஓடிவிட்டது, அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமும் இல்லை. குழந்தை பிறந்த பிறகுதான் வருத்தம் வந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் குழந்தை அவர் பொறுப்பு. ஒருநாள் தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கால் தொட்டில் கம்பிக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அது கத்து கத்தென்று கத்தி நீலம் பாரித்துப்போயிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கதவை இடித்திருக்கிறாள். அதுவும் இவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஜன்னல் வழியாகச் செருப்பை விட்டெறிந்தாள், அது முதுகில் விழுந்த பிறகுதான் மனுஷன் திரும்பினார். குழந்தைக்குக் கால் வீங்கியதோடு போயிற்று. ஆனால் மனைவி மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டாள்.

"காது மெஷின் என்னிக்கு வருதோ அன்னிக்குக் குழந்தை வீட்டுக்கு வரும்," என்று வாயை நன்றாகத் திறந்து அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "என்மேல கோவப்படாதீங்க. எனக்கு வேற வழி தெரியலைங்க."

கோபம் வரத்தான் செய்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வாரியத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முதலில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். பியூன் கூப்பிட்டதும் அவள் இடுப்பில் ஒரு குத்து விடுவாள், இவர் எழுந்துவிடலாம் என்று ஏற்பாடு. அடுத்த வாரமே துணைக்கு ஆள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பிறகு பியூனுடைய வாயையே உற்றுப் பார்த்துப் பழகினார். பெயர் வந்ததும் உடனே எழுந்திருக்காமல், கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்து, பக்கத்தில் இருப்பவரை "என்னையா கூப்பிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அந்த விழிப்பு வாரியத்துக்குப் பிடித்துப்போயிற்று, உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனால் போனில் பேசி உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள். பயனாளி தன் வீட்டில் இருக்கும்போது வாரியம் அழைக்கும், பயனாளியே எடுத்துப் பேச வேண்டும். அழைப்பு வந்தது. மனைவி எடுத்தாள்.

"அவருக்குக் காது கேக்காதுங்க. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கோம்."

"அத அவரே போன்ல சொல்லணும்மா. நீங்க சொன்னா நாங்க எப்படி நம்பறது?"

அவள் போனை அவர் கையில் கொடுத்து, பேசச் சொல்லிச் சைகை காட்டினாள். "எனக்குக் காது கேக்காது!" என்று தெரு அதிரச் சொன்னார். மனைவி போனைத் திரும்ப வாங்கியதும், "கேட்ட கேள்விக்குக் கரெக்டா பதில் சொல்றாரே, எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டு, தகுதி இல்லை என்று வைத்துவிட்டார்கள். மறுபடியும் நடையாய் நடந்து இன்னொரு அழைப்பு வாங்கினார். இந்தத் தடவை மனைவி சைகையே காட்டவில்லை. அவர் பாட்டுக்கு அச்சகத்தில் மை தீர்ந்துபோன கதையையும் முதலாளியின் கருமித்தனத்தையும் சொல்லிக்கொண்டே போனார். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, யார் கண்டது. தகுதி உறுதியாகிவிட்டது.

ஆனால் மெஷினைக் கையில் கொடுத்து அனுப்புகிற வழக்கம் அங்கே கிடையாது. அதற்கு விழா எடுப்பார்கள். மேடை, பூங்கொத்து, படம் பிடிக்கிறவர்கள் இல்லாமல் ஒரு காதுக்குள்ளும் எதையும் செருக மாட்டார்கள். அந்த வருஷ விழாவுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. அரங்கத்தின் தரைக்கு அடியில் புதிதாக ஒயர் ஓடவிட்டிருந்தார்கள். காது மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிச்சத்தம் எல்லாம் அடங்கிவிடும், அந்த ஒயர் வழியாக வருகிற பேச்சு மட்டும் நேரே காதுக்குள் கேட்கும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. அது வேலை செய்கிறதா என்று சோதிக்க, காது நன்றாக இருக்கிற இன்ஜினியர்கள் வந்தார்கள். கம்பளத்தில் காதை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை, ஆகவே கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காது மெஷின் மாட்டிய ஒருவரை நிற்கவைத்துப் பார்க்க வாரியத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. காது கேட்காதவர்களை எப்படி வேலைக்கு வைப்பது, சொன்னால் கேட்குமா என்பது அவர்கள் கட்சி.

விழா அன்று காலை பக்கத்து அறையில் மெஷின் மாட்டிவிட்டார்கள். மாட்டிவிடுகிற பெண் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். காதுக்குள் போகிற ரப்பர் மூக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அச்சுக்காரர் உற்றுப் பார்த்தார். யாருடைய காதின் அழுக்கோ. அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகத்தால் சுரண்டி, புடவையில் துடைத்து, அவர் காதுக்குள் செருகினாள். சீச்சீ! புது மெஷினில் பழைய அழுக்கு எப்படி வரும் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கேட்டுவிட்டது.

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. யாரோ இருமினார்கள். "கேக்குதுங்களா சார்?" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு இவ்வளவு சன்னமான குரல் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை.

"ஒரே நிமிஷம்மா. எம்பொண்ணு வெளியில இருக்கா. அவ சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"அய்யோ, கூடாது சார். பொத்தானை அழுத்தி பிளாஸ்டர் ஒட்டச் சொல்லி உத்தரவு. போன ஊர்ல ஒருத்தர் தலைவர் பேசும்போது மெஷினை அணைச்சுட்டுத் தூங்கிட்டாராம். தலைவருக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சாம். விழா முடியட்டும், நீங்களே பிரிச்சுக்கலாம்."

பொத்தான் அழுந்தியது. மின்விசிறி நின்ற மாதிரி ஆகிவிட்டது. மேலே பிளாஸ்டரை ஒட்டினாள்.

பயனாளிகளுக்கு முன்வரிசை, குடும்பத்தாருக்குக் கடைசி வரிசை. அச்சுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோடியில் மனைவி, அவள் பக்கத்தில் அவளுடைய அக்கா, அக்கா மடியில் குழந்தை. அது வாயைத் திறந்து திறந்து மூடியது. அழுகிறதா சிரிக்கிறதா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. காதில் மெஷின் இருந்தும் பெற்ற பிள்ளையின் குரல் கேட்காமல் உட்கார்ந்திருந்த தகப்பன் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

திடீரென்று காதுக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் ஒரு நீண்ட ஏப்பம். காறித் துப்புகிற சத்தம். "அப்பாடா" என்று ஒரு ஆண்குரல். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முன்வரிசை முழுக்க நெளிந்தது.

விஷயம் இதுதான். பேச்சு மேடையில் இருந்த மைக் ஒலிபெருக்கிக்குப் போயிற்று. தரை ஒயருக்கென்று தனியாக ஒரு குட்டி மைக் வாங்கி, மரியாதையாக அதைத் தலைவர் சட்டையில் குத்தியிருந்தார்கள். காலையில் குத்தியதுதான், அணைக்கவே இல்லை. தலைவர் அதோடு கழிப்பறைக்கும் போய்வந்துவிட்டார்.

விழா தொடங்கியது. செயலாளர் மேடை மைக்கில் முழங்கினார். "காது கேளாதோர் எங்கள் கண்கள்! அவர்களுக்காக இந்த வாரியம் உறங்காமல் உழைக்கிறது!" இது பின்வரிசைகளுக்குக் கேட்டது, கைதட்டினார்கள். முன்வரிசைக்குக் கேட்டது வேறு. நாற்காலியில் சாய்ந்திருந்த தலைவர் பக்கத்தில் இருந்த துணைத்தலைவரிடம் பேசுவது கேட்டது.

"எப்ப முடிப்பான் இவன்? எனக்குப் பசிக்குது... முன்வரிசையப் பாருங்களேன், என்னமோ எல்லாம் புரியற மாதிரி முழிக்குதுங்க."

அச்சுக்காரருக்கு அடுத்து ஒரு வயதான தையல்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவர் ஆச்சரியமே படவில்லை. "இவ்வளவு வருஷமா மேடையில இதத்தான் பேசிட்டிருந்தாங்களா?" என்று சத்தமாகவே கேட்டார். அது முன்வரிசையில் யாருக்கும் கேட்கவில்லை.

துணைத்தலைவர் குனிந்து ஏதோ கேட்டார். தலைவர் சிரித்தார், சிரிப்பு கொரகொரவென்று காதுக்குள் இறங்கியது.

"திருப்பிக் குடுக்காம என்ன பண்ணுவாங்க? போட்டோ எடுத்ததும், சரிபார்த்துத் தரோம்னு சொல்லி எல்லாத்தையும் கழட்டி வாங்கிடச் சொல்லியிருக்கேன். நாளைக்கு அடுத்த ஊர்ல விழா இருக்கே, பெட்டி அங்க போகணும். எத்தன ஊர் சுத்தின பெட்டிங்க இது! ஒரே பெட்டி, எத்தன பேருக்குக் காது குடுத்திருக்கோம் பாத்தீங்களா!"

அச்சுக்காரர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. அந்த மஞ்சள் அழுக்கு யாருடையது என்று இப்போது புரிந்தது. போன ஊரில் இதே மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து, மெஷின் தனக்குத்தான் என்று நம்பி, சாயங்காலம் வெறுங்காதோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்கு முன் இன்னொருத்தர். த்தூ! வாய்க்குள் எச்சில் ஊறிக் கசந்தது. திரும்பிப் பார்த்தார். அக்கா மடியில் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது.

பிறகு தலைவரே பேச வந்தார். அவர் பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே கேட்டது.

"நான் நன்றியை எதிர்பார்த்து வரவில்லை. நன்றி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன். காது கேளாதவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர் சொல்லும் குறை அவர்களுக்குக் கேட்பதில்லை. நானும் அப்படித்தான். இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் வந்து அழுதிருக்கிறார்கள், ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. அந்த வகையில் நான் உங்களில் ஒருவன்!"

பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்து செயல்விளக்கம். பயனாளி ஒருவரை மேடையில் ஏற்றி, செயலாளர் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் ஒரு வாக்கியம் சொல்வார். பயனாளி அதைக் கேட்டு இன்னொரு மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு அச்சுக்காரரைத்தான் பிடித்திருந்தார்கள், அவருடைய விழிப்பு அவ்வளவு பெயர் வாங்கியிருந்தது. காலையிலேயே செயலாளர் மெஷின் மாட்டும் அறைக்கு வந்து, அவருக்குப் புரிகிற மாதிரி வாயை அகலத் திறந்து, விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "காதுல என்ன விழுதோ அத அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சொந்தமா எதையும் யோசிக்கக் கூடாது."

மேடையில் ஏறி நின்றார். சும்மா நின்று, மண்டையை ஆட்டி, எதையாவது முனகிவிட்டு இறங்கிவிடலாம். இறங்கினால் மெஷின் போய்விடும், குழந்தை அக்கா வீட்டுக்குப் போய்விடும். அவர் அப்படியே நின்றார்.

செயலாளர் அட்டையைத் தூக்கினார். "வாரியத்தின் கருணை கடலினும் பெரிது," என்றார். அது கூட்டத்துக்குக் கேட்டது. அச்சுக்காரர் காதில் விழுந்தது வேறு. அவர் மைக்கில் வாயை வைத்து, அச்சகத்தில் பேசிப் பழகிய தொண்டையில், அதைச் சொன்னார்.

"சாப்பாடு ரெடியான்னு கேளுங்க. இந்தச் செவிடன் மூஞ்சியப் பாத்தா பசிகூடப் போயிடும் போல இருக்கு."

செயலாளர் அட்டையைக் கீழே இறக்கி, பல்லைக் காட்டி, மறுபடி தூக்கினார். "கருணை கடலினும் பெரிது."

"என்னய்யா உளர்றான் இவன்?" என்றார் அச்சுக்காரர்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னத இவன் எப்படிச் சொல்றான்?" என்றார் அச்சுக்காரர். "ஒருவேள பெட்டி அடுத்த ஊருக்குப் போற விஷயமும் கேட்டிருக்குமோ? போட்டோ எடுத்ததும் கழட்டி வாங்கணும்னு சொன்னேனே, அதுவுமா? அய்யய்யோ. மைக்க நிறுத்து! மைக்க நிறுத்துடா! அடேய், அவன் சொல்றத நிறுத்தச் சொல்லு! நீ நிறுத்துடா நாயே! கடவுளே, இதையும் சொல்றானே!"

ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. பின்வரிசையில் முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சரம்மா எழுந்து நின்று, "எல்லாம் உண்மை, எங்களுக்கும் கேட்டுச்சு!" என்று கத்தினார். தையல்காரர் எழுந்தார். முன்வரிசையே எழுந்து நின்றது.

யாரோ ஓடிவந்து தலைவர் சட்டையிலிருந்து மைக்கைப் பிய்த்தார்கள். அச்சுக்காரர் காது செத்துப்போயிற்று. மேடையில் வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. அவர் விரலை விட்டு பிளாஸ்டரைப் பிடுங்கினார், நாலு முடியும் கூடவே வந்தது. பொத்தானைத் தட்டினார்.

வாரியத்தின் காது டாக்டர் மைக்கைப் பிடித்திருந்தார். "மேடையில் தலைவர் காதோடு காதாகப் பேசியது, நல்ல காது உள்ள எனக்கே கேட்கவில்லை. இவருக்குக் கேட்டிருக்கிறது. ஆகவே இவருக்குக் காதில் எந்தக் குறையும் கிடையாது. முன்வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்டிருப்பதால், அவர்களுக்கும் கிடையாது."

தலைவர் சுதாரித்துக்கொண்டார். அந்த மாதிரி ஆட்கள் சுதாரித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும், கண்றாவி. வேர்த்து வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். "பெரியோர்களே, இன்று இந்த மேடையில் ஓர் அற்புதம் நிகழ்ந்திருக்கிறது! ஒரே நாளில், ஒரே அரங்கில், வந்த அத்தனை பேரும் பூரணமாகக் குணமடைந்துவிட்டார்கள்! இனி இவர்களுக்குக் கருவியே தேவையில்லை. கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்!"

இதற்கும் கைதட்டினார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் தட்டினார்கள். படம் பிடிக்கிறவர்கள் முண்டியடித்து முன்னே வந்தார்கள். மெஷின் மாட்டிவிட்ட பெண் ஒரு தட்டோடு முன்வரிசைக் கோடியிலிருந்து வந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. டீச்சரம்மா காதைக் கையால் பொத்திக்கொண்டார், இரண்டு ஆட்கள் கையை விலக்கி எடுத்துக்கொண்டார்கள். தையல்காரர் தானே கழற்றி, அந்த அழுக்கை அவர்கள் பார்க்கும்படி திருப்பி, தட்டில் போட்டார்.

அச்சுக்காரர் மேடையின் பின்படிக்கட்டு வழியாக இறங்கி, சுவரோரமாகக் கடைசி வரிசைக்கு நடந்தார். கைதட்டல் சத்தத்தில் குழந்தை மிரண்டு வீறிட்டுக்கொண்டிருந்தது. போகப் போக அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் நினைத்துவைத்திருந்த மாதிரி அது பூனைக்குட்டிக் குரல் இல்லை. கட்டைக் குரல், நடுநடுவே மூச்சை இழுத்து, ஒரு விக்கல் விக்கி, மறுபடி ஆரம்பிக்கிற அழுகை. அவர் அங்கேயே நின்று கேட்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

"கேக்குதாங்க?" என்றாள் மனைவி. அவளுடைய குரலையும் இப்போதுதான் கேட்கிறார். அவர் குழந்தைப் பக்கம் கையை நீட்டினார்.

அக்கா எழுந்தாள். அத்தனை மாதமாகக் குழந்தையை அவர் தூக்க வந்தால் தன் பக்கம் அணைத்துக்கொள்கிறவள், இப்போது அதை அவர் கையில் கொடுத்தாள்.

"தட்டு இந்தப் பக்கம் வருது. நடங்க," என்றாள்.

நடந்தார். குழந்தை அவர் தோளில் வாயை வைத்துக் கத்தியது. வாசலைத் தாண்டினார், படிக்கட்டில் இறங்கினார். பின்னால் செயலாளர் மைக்கிலேயே கத்தினார், பியூனும் கூடவே கத்தினார். "யோவ், நில்லு! மெஷினக் குடுத்துட்டுப் போ! கூப்பிடறது காதுல விழல?"

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. அச்சுக்காரர் பிறவிச் செவிடன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தட்டியபடி தெருவில் நடந்துகொண்டே இருந்தார்.